பஞ்சுக் கிட்டங்கியில் யாழ்ப் போட்டி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பாட்டு டீச்சர்களிடம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ‘நேர்மையின் இலக்கணம்’ என்று அச்சாகியிருக்கிறது. யார் எழுதியது என்று கேட்டேன். ஆளுக்கு ஒருவரைக் கை காட்டினீர்கள். போகட்டும். சுருதி சேர்ப்பது, பாடம் பிரிப்பது, மார்க் படிவம் நிரப்புவது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கொடுக்காவிட்டாலும் குடி முழுகிப் போகாது. இந்தப் பட்டம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நான் பஸ் ஏறுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் பாட்டு டீச்சர். திருச்சுழியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். ஆறு வருஷமாகத் தற்காலிகம். கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடத்தைப் பூட்டும்போது என் வேலையையும் சேர்த்துப் பூட்டுவார்கள். ஜூன் மாதம் கதவைத் திறந்தால் என்னையும் எடுத்து வெளியே வைப்பார்கள், மேசை நாற்காலி மாதிரி. நிரந்தரமாக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் பள்ளியின் செயலாளர். பஞ்சு வியாபாரி. ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் சொல்லும். வியாபாரிகள் சேர்ந்து நடத்திய தமிழ் மன்றத்துக்கும் அவர்தான் தலைவர்.

ஊருக்கு ஊர் தமிழ் பொங்கிக் கொண்டிருந்த காலம் அது. மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு மெட்ராஸிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர், “தமிழனின் இசைக்கருவி யாழ். அதைத் தொலைத்துவிட்டு நாம் சும்மா இருக்கிறோம்” என்று கண் கலங்கினார். அண்ணாச்சிக்கும் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர், சட்டென்று கலங்கிவிடுவார். மைக்கைப் பிடித்து, “அடுத்த வருசம் இதே விழாவுல, இளம் யாழ்க் கலைஞர்களுக்குப் போட்டி. நம்ம ஊர்லதான்!” என்று அறிவித்துவிட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “டீச்சர், இந்த யாழுங்கிறது எப்படி இருக்கும்?” என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? நான் வீணை படித்தவள். தமிழ்ப் புலவரைக் கூப்பிட்டோம். யாழில் எத்தனை வகை, எந்த நிலத்துக்கு எந்த யாழ் என்று அவர் அரை மணி நேரம் சொன்னார். “ஐயா, நீங்க கேட்டிருக்கீகளா?” என்றேன். “அம்மா, அதைக் கேட்டவன் செத்து ஆயிரம் வருசம் ஆச்சு” என்றார். கடைசியில் மன்றத்தின் கடிதத் தாளில் தலைப்பில் அச்சடித்திருந்த படத்தைப் பார்த்து, எங்கள் பள்ளியின் தச்சு ஆசிரியர் வாகை மரத்தில் எட்டு யாழ் செய்தார். அடியில் படகு மாதிரி ஒரு குடம், அதன்மேல் ஆட்டுத்தோல், வளைந்த கொம்பு, மதுரையில் வாங்கிய வீணைக் கம்பி ஏழு. மீட்டினால் சத்தம் வந்தது. எங்களுக்கே ஆச்சரியம்தான்.

போட்டி என்றால் வாசிக்க ஆள் வேண்டுமே. பரளச்சி, பாலவனத்தம், வீரசோழன் என்று சுற்று வட்டாரத்திலிருந்து எட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். சொல்லிக் கொடுத்தது நான். போட்டிக்கு நடுவரும் நானே, கூடத் தமிழ்ப் புலவர். தான் கற்பித்த பிள்ளைகளுக்குத் தானே மார்க் போடலாமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஜில்லாவிலேயே யாழ் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று அண்ணாச்சி எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். எனக்கும் தெரியாது என்பது எனக்கும் புலவருக்கும் மட்டும்தான் தெரியும்.

எட்டில் இருவர் தேறினார்கள். ஒருத்தி காந்திமதி, தறிக்காரர் மகள். அறுந்த பாவு நூலைக் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடும் விரல் அவளுக்கு. இன்னொருத்தி தமயந்தி. அண்ணாச்சியின் மகள்.

தமயந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். அதிகம் பேச மாட்டாள். மற்றப் பிள்ளைகள் யாழைத் தொட்டவுடன் மீட்ட ஆரம்பித்துவிடும். இவள் முதலில் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்து, காதைக் கொம்பில் வைத்துக் கேட்பாள். சொல்லிக் கொடுக்காததை எல்லாம் கண்டுபிடித்தாள். நம் ஊர் வெயிலில் மரம் சுருங்கி, கம்பியை முறுக்கும் பிருடை வழுக்கும், கம்பி இறங்கிவிடும் என்று கண்டுபிடித்து, என்னிடமே சாக்பீஸ் வாங்கிப் பிருடையில் தேய்த்தவள் அவள்தான். மதுரைக்குப் போய் முறையாகச் சங்கீதம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அண்ணாச்சிக்கு விருதுநகரில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார்.

ஒருநாள் அண்ணாச்சி மகளையும் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

“டீச்சர், இவ நல்லா வாசிக்கிறாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. எனக்குக் காது கிடையாது. கேட்டவுக எல்லாம் ஆகா ஓகோங்கிறாக. என் மகளுங்கிறதுக்காகச் சொல்றாகளோ என்னவோ! அதனால ஒரு முடிவுக்கு வந்துட்டேன். போட்டியில மொதப் பரிசு வாங்கட்டும், மதுரைக்கு அனுப்புறேன். வாங்கலையா, விருதுநகருக்கு வெத்தல பாக்கு மாத்திருவேன். நீங்க எனக்காகப் பாக்கப்படாது. என்ன?”

“சரி அண்ணாச்சி” என்றேன். தமயந்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குப் பயமே இல்லை. நான் அவள் வாசிப்பைக் கேட்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

பயம் எல்லாம் எனக்குத்தான். என் உத்தரவு அண்ணாச்சி மேசையில் கையெழுத்துக்குக் காத்திருப்பது ஊருக்கே தெரியும். ஆசிரியைகள் அறையில் தினமும் ஒரு கேலி. கணக்கு டீச்சர், “போட்டி முடிஞ்சதும் எங்களுக்கு மிட்டாயா, மிக்சரா? இப்பவே சொல்லிருங்க” என்பார். பஸ் கண்டக்டர்கூட டிக்கெட் கிழிக்கும்போது, “பரிசு யாருக்குன்னு எங்களுக்கும் தெரியுமே டீச்சர்” என்று கண்ணைச் சிமிட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷம் தொண்டை வற்றக் கத்தியதற்கு வராத உத்தரவு, ஒரு பரிசுக்கு வந்தது என்று பேசுவார்களே! சாகும் வரைக்கும் பேசுவார்களே!

போட்டி நடந்த இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அண்ணாச்சியின் பஞ்சுக் கிட்டங்கி, அதாவது குடோன். ஊரிலேயே பெரிய கூரை அதுதான். மில்லுக்குப் போக வேண்டிய லோடு போகாமல் நின்றுவிட்டதால், மூன்று பக்கமும் உத்தரம் வரை பஞ்சுப் பொதி. உட்கார வசதியாகப் போயிற்று என்று ஜனங்கள் பொதிமேல் ஏறிக்கொண்டார்கள். சத்தத்தைத் தின்பதற்குப் பஞ்சைப் போல் ஒன்று கிடையாது என்பது அத்தனை பஞ்சு வியாபாரிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. முதல் பையன், வீரசோழன் ஜவுளிக்கடைக்காரர் மகன், பாதி வாசித்து முடித்திருந்தான். மைக் செட்காரர் எட்டிப் பார்த்து, “என்னம்மா, ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டார். மைக்கை யாழின் வயிற்றோடு ஒட்டி வைத்தார்கள். அப்போது வாசலில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. கூட்டம் அதைத்தான் யாழ் என்று நினைத்து மெய்ம்மறந்து கேட்டது.

ஆக, உள்ளபடி கேட்டவர்கள் மேடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நானும் புலவரும், வாசித்த பிள்ளைகளும்தான். புலவரோ, “அம்மா, ஒங்க மார்க்கு எதுவோ அதுதான் என் மார்க்கும்” என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

எல்லாருக்கும் ஒரே பாட்டு. மோகனத்தில் நானே மெட்டுப் போட்ட சின்னப் பாட்டு. காந்திமதி நன்றாகத்தான் ஆரம்பித்தாள். மதிய வெயில், தகரக் கூரை. நடுவில் இரண்டாவது கம்பியின் பிருடை வழுக்கிவிட்டது. கம்பி அரை சுரம் இறங்கிவிட்டது. பாவம், அவள் முகம் வெளுத்துப் போனது. நிறுத்தாமல் வாசித்து முடித்தாள். அந்தக் கம்பியைத் தொட்ட போதெல்லாம் எனக்குப் பல் கூசியது. கூட்டத்தில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியவில்லை.

கடைசியாகத் தமயந்தி. யாழைச் சுற்றி ஈரத்துணி கட்டி வைத்திருந்தாள். ஊரே குடத்தோடு தண்ணீருக்கு அலைகிற மாசத்தில், தன் பங்குக் குடிதண்ணீரை அதில் ஊற்றியிருக்கிறாள். அவள் மேடை ஏறும்போதே கைதட்டல். இன்னும் ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை! பொதிமேல் உட்கார்ந்திருந்த கடை ஆட்கள், கமிஷன்காரர்கள், தரகர்கள் எல்லாரும் அண்ணாச்சியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். அப்போதே எனக்குள் ஏதோ விறைத்துக்கொண்டது.

அவள் வாசித்தாள். என்னத்தைச் சொல்ல! நான் மெட்டுப் போட்ட பாட்டுத்தான். அதில் இவ்வளவு இருந்தது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். தச்சு ஆசிரியர் படம் பார்த்துச் செய்த அந்த மரம் அன்றைக்கு ஒரு வாத்தியமாக ஆனது. புலவர் விசிறுவதை நிறுத்திவிட்டார்.

படிவத்தில் மூன்று கட்டம். சுருதி, தாளம், உணர்வு. முதல் இரண்டில் தமயந்திக்கு முழு மார்க் போட்டேன். காந்திமதிக்குச் சுருதியில் குறைத்தேன், குறைக்காமல் முடியாது. பிறகு பேனா மூன்றாவது கட்டத்துக்கு வந்தது. கைதட்டியவர்களை நிமிர்ந்து பார்த்தேன். கணக்கு டீச்சர் பொதிமேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தறிக்காரர் வாசலருகே துண்டை இடுக்கிக்கொண்டு நின்றார். காந்திமதிக்கு உணர்வில் அள்ளிப் போட்டேன். தமயந்திக்கு உணர்வில் கையை இறுக்கிக்கொண்டேன். ஒரே ஒரு மார்க்கில் காந்திமதி முதல்.

உங்களுக்கு நான் சொல்லித்தர ஏதாவது இருக்கிறதென்றால் அது இதுதான்: எந்தப் படிவத்திலும் உணர்வு என்றோ தோற்றம் என்றோ ஒரு கட்டம் இருக்கும். அநியாயம் எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். வரும்போது நியாயத்தின் சேலையைக் கட்டிக்கொண்டு வரும். ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்கிறேன், பெரிய இடத்துக்குப் பணியவில்லை என்றெல்லாம் என் மனசு எனக்கு எடுத்துக் கொடுத்தது. உண்மை என்னவென்றால், நான் காந்திமதியையும் நினைக்கவில்லை, தமயந்தியையும் நினைக்கவில்லை. அந்தக் கண்டக்டரை நினைத்தேன்.

முடிவை வாசித்ததும் கடை ஆட்கள் எல்லாரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எழுந்தது பாருங்கள் கைதட்டல், பஞ்சுப் பொதியாலும் அதைத் தின்ன முடியவில்லை. அண்ணாச்சி எழுந்து வந்தார். தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து, “இவுகதான் டீச்சர்!” என்று எனக்குப் போர்த்தினார். கண் கலங்கியிருந்தது.

வெள்ளிக்கோப்பையைக் காந்திமதி கையில் கொடுத்தபோது அவள் வாங்கவில்லை. மைக்கில் விழாமல், “டீச்சர், என் ரெண்டாவது கம்பி எறங்கிருச்சு. நீங்க கவனிக்கலையா?” என்று கேட்டாள். “வாங்கிக்கோ” என்று அதட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

யாழ்களை அடுக்கி வைத்த மூலையில் தமயந்தி நின்றிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன்.

“எனக்கு எங்க டீச்சர் போச்சு?” என்றாள்.

“எதும்மா?”

“மார்க்கு. சுருதியிலயா, தாளத்துலயா? சொன்னா திருத்திக்கிருவேன்ல.”

நான் குனிந்து, அடுக்கியிருந்த யாழ்களை எண்ணத் தொடங்கினேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி டீச்சர், வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். மார்க்கில் எங்கே போயிற்று என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை என் நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. கணக்கு டீச்சரே எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்கள தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க” என்று மூக்கைச் சிந்தினார். அந்த மிட்டாயை முந்தானையில் முடிந்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும் உத்தரவைப் பையில் வைத்துக்கொண்டு நேரே அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு. மொதப் பரிசு தமயந்திக்குத்தான் வந்திருக்கணும். நான்தான் மார்க்க மாத்திப் போட்டுட்டேன். அவள மதுரைக்கு அனுப்புங்க.”

அண்ணாச்சி முதலில் சிரித்தார். பிறகு கடை ஆளை வெளியே போகச் சொன்னார். அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை.

“உத்தரவு கைக்கு வந்துருச்சுல்ல டீச்சர்?”

“வந்துருச்சு.”

“அதுக்கு நன்றியாக்கும் இது?”

“இல்ல அண்ணாச்சி, சத்தியமா...”

“நீங்களுமா டீச்சர்? இந்த ஊர்ல என் மொகத்துக்கு நேரா என் மகளுக்கு இல்லைன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான். அதுக்காகத்தான் மறுநாளே கையெழுத்துப் போட்டேன். ஒங்க பேர நீங்களே கெடுத்துக்கிறாதீக. போயிட்டு வாங்க.”

உண்மை என்பது பஸ் மாதிரி. நேரத்துக்கு வந்தால்தான் அது பஸ். போன பிறகு கையைக் காட்டினால் பார்க்கிறவனுக்குப் பைத்தியமாகத் தெரியும். ஆனால் அன்றைக்கும் ஒரு வழி இருந்தது. பையில் உத்தரவு இருந்தது. அதை எடுத்து அவர் மேசைமேல் வைத்து, “இது வேண்டாம், இப்பவாவது நம்புங்க” என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அந்த மனிதர் நம்பியிருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. கை பைக்குள் போனது. உத்தரவின் மடிப்பு விரலில் தட்டியது. அதற்குப் பக்கத்தில் கிடந்த கைக்குட்டையை எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தை மாதம் தமயந்திக்குக் கல்யாணம். பந்தியில் என்னைத் தேடி முதல் வரிசையில் உட்கார வைத்தார் அண்ணாச்சி. மாப்பிள்ளை வீட்டாரிடம், “இவுக நம்ம டீச்சர். ஒரு மார்க்கு கூடக் குறையப் போட மாட்டாக” என்று அறிமுகம் செய்தார். பாயசம் இரண்டு தடவை வந்தது. சாப்பிட்டேன். காந்திமதி தறிக்குப் போனாள். அந்தக் கோப்பையில் நூல்கண்டு போட்டு வைத்திருந்ததை நானே ஒருநாள் பார்த்தேன். அடுத்த வருஷம் மன்றத்தில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். அதற்கு வாகை மரம் தேவைப்படவில்லை. எட்டு யாழின் தோலையும் எலி தின்றது.

என் புகழை மட்டும் ஒரு எலியும் தொடவில்லை. செயலாளர் மகளுக்கே பரிசு கொடுக்காதவர் என்று ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். எந்தப் போட்டி என்றாலும் நடுவர் நாற்காலியில் நான். எழுபதுகளின் கடைசியில் விருதுநகரில் பிள்ளைகளுக்கான வீணைப் போட்டி ஒன்று. எட்டு ஒன்பது வயசு இருக்கும், ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்தாள். பெயரும் ஓர் இனிஷியலும் மட்டும் படிவத்தில் இருந்தது. மீட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டி, குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். எனக்கு எங்கேயோ இடறியது. ஆனால் நினைவுக்கு வரவில்லை. வாசிப்பு சுத்தம். யோசிக்காமல் முதல் பரிசு போட்டேன்.

எல்லாம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அந்தக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருத்தி வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். தமயந்தி.

“நீயாம்மா? உள்ள எங்கயும் பாக்கலையே!”

“வாசல்லயே நின்னுக்கிட்டேன் டீச்சர். அங்க இருந்தே கேட்டுச்சு.” மெதுவாகக் கேட்டாள்: “இவ என் மகள்னு தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பீகளா?”

பத்து வருஷத்துக்கு முன்னால் செய்ததற்கு ஈடாகக் கொடுத்திருப்பேனோ? ஈடு செய்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று கொடுக்காமல் இருந்திருப்பேனோ? அந்தச் சுத்தமான வாசிப்பு மட்டும் காதில் விழுந்திருக்குமோ? அன்றைக்காவது பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

“தெரியலம்மா” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அதற்காகத்தான் வாசலில் நின்றேன் என்பதுபோல் இருந்தது. குழந்தை அவள் சேலையைப் பிடித்து இழுத்து, “அம்மா, இவுக யாரு?” என்றது.

“எனக்கு யாழ் சொல்லிக் குடுத்த டீச்சர். ரொம்ப நேர்மையானவுக. விழுந்து கும்பிட்டுக்கோ” என்றாள் தமயந்தி.

அவள் சிரிக்கவில்லை. குழந்தை என் காலில் விழுந்தது.